மாறிய விதிகளும் மாறாத மௌனமும்

"நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று ஒன்று சொல்கிறார்கள், நாளைக்கு என்ன சொல்வார்களோ!" கொரோனாக் காலத்தில் இந்தப் பேச்சைக் கேளாத செவி நம் வட்டாரத்தில் இருந்திருக்க முடியாது. சேந்தமங்கலம் கடைவீதியில் கேட்டோம். காரவள்ளி அடிவாரத்தில் கேட்டோம். எழுபது கொண்டையூசி வளைவுகளைத் தாண்டிச் செம்மேட்டிலும் கேட்டோம். படித்தவர் ஆங்கிலம் கலந்து சொன்னார். படிக்காதவர் பச்சைத் தமிழில் சொன்னார். பொருள் ஒன்றே.

இப்படிப் பேசிய மக்களை அறியாமையில் மூழ்கியவர்கள் என்று ஏளனம் செய்வது அன்று நாகரிகமாக இருந்தது. "நம் ஜனங்களுக்கு எத்தனை சொன்னாலும் புரியாது" என்று தொலைக்காட்சியில் பேசியவர்கள் பலர். நோய் ஓய்ந்துவிட்டது, நாமும் மறந்துவிட்டோம். ஆனால், மக்களுக்கு என்ன சொல்லப்பட்டது, எவ்வளவு சொல்லப்பட்டது என்னும் கேள்வியை எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. அதை எழுப்பவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். ஆசிரியப் பெருமக்கள் பிழையிருப்பின் பொறுத்தருள்க.

முதலில் நம் மாவட்டத்துச் செய்தி ஒன்று. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில், தமிழகத்தில் நோய் காலூன்றும் முன்பே வதந்தி காலூன்றிவிட்டது. கோழி தின்றால் கொரோனா வரும் என்று கைப்பேசிக்குக் கைப்பேசி செய்தி பறந்தது. நாமக்கல் என்றாலே முட்டையும் லாரியும்தானே! முட்டை விலையும் கோழி விலையும் தரைமட்டமாயின. பண்ணைக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தனர். ஹைதராபாத்தில் தெலங்கானா அமைச்சர்கள் மேடையேறிக் கோழிக்கறி தின்று காட்டினார்கள். அமைச்சர் தின்று காட்டினால் ஐயம் தீருமென்று எவர் யோசனை கூறினாரோ! காரணத்தைச் சொல்வதற்குப் பதிலாகக் காட்சியைக் காட்டும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடையுத்தரவு. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அதன்பின் நாள்தோறும் மாலை ஆறு மணி என்பது வீடுகளில் விளக்கு வைக்கும் நேரமாக இல்லாமல் எண்ணிக்கை கேட்கும் நேரமாயிற்று. இன்று எத்தனை, சென்னையில் எத்தனை, நாமக்கல்லில் எத்தனை? கிரிக்கெட் ஓட்டம் கேட்பதுபோல் கேட்டோம். அப்போது எனக்கு வயது பதினான்கு. எங்கள் வீட்டில் அம்மாயி மட்டும் ஒரு கேள்வி கேட்பார்: "அத்தனை பேருக்குன்னா, எத்தனை பேரைப் பார்த்துட்டுச் சொல்றாங்க கண்ணு?" எழுத்தறியாத அம்மூதாட்டியின் கேள்வி புள்ளியியல் பாடத்தின் முதல் கேள்வி என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. பரிசோதனை மிகுந்தால் எண்ணிக்கை மிகும், குறைந்தால் குறையும். நூறு பேரைச் சோதித்ததில் எத்தனை பேருக்கு நோய் என்பதே நோயின் போக்கைக் காட்டும் அளவு. அந்த விவரம் அறிக்கையில் இல்லாமலில்லை. பரிசோதனைக் கணக்கும் அதே தாளில்தான் இருந்தது. தமிழகம் விரைவுச் சோதனைகளை நம்பாமல் பெரும்பாலும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையையே செய்தது என்பதும் பாராட்டத்தக்கதே. ஆயினும் திரையில் பெரிதாக ஓடியது ஒற்றை எண். மக்கள் அந்த ஒற்றை எண்ணைக் கண்டே அஞ்சினர். அது குறைந்த நாளில் முகக்கவசத்தைக் கழற்றினர்.

எண்களைப் பற்றி இன்னும் சற்று விரிவாகக் கூறவேண்டும். அறிக்கையின் பின்பகுதியில் அன்றன்று இறந்தோர் விவரம் வரும். பெயர் இராது. வயது, ஆணா பெண்ணா, எந்த நாளில் சேர்ந்தார், எந்த நாளில் இறந்தார், அவருக்கு முன்பே இருந்த நோய்கள் யாவை என்று இருக்கும். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு என்று வரிசையாக வரும். மருத்துவர்க்கு அது பயனுள்ள குறிப்பு. நம் ஊரார் அதை எவ்வாறு படித்தனர்? "பார்த்தாயா, இவர் செத்தது சர்க்கரையால், கொரோனாக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்" என்றார் ஒருவர். "இல்லையப்பா, கொரோனாவால் செத்தவரைச் சர்க்கரை என்று எழுதி மறைக்கிறார்கள்" என்றார் மற்றொருவர். ஒரே வரியைப் படித்து இருவரும் நேரெதிரான முடிவுக்கு வந்தனர். இருவருக்கும் அரசின் மீது நம்பிக்கை குறைந்தது. சர்க்கரை உள்ள உடலைக் கொரோனா எளிதில் வீழ்த்தும், அத்தகைய மரணமும் கொரோனா மரணமே என்று இரண்டு வரி அதன்கீழ் எழுதியிருக்கலாகாதா?

2020 ஜூலை 22 அன்று, சென்னையில் விடுபட்டுப்போன 444 மரணங்கள் மாநிலக் கணக்கில் சேர்க்கப்பட்டன. மாநகராட்சியின் இறப்புப் பதிவுக்கும் சுகாதாரத் துறையின் கணக்குக்கும் வேறுபாடு இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதியபின் ஒரு குழு அமைத்து, ஆய்ந்து, அரசே வெளியிட்ட திருத்தம் அது. தவற்றைத் தானே திருத்திக்கொள்ளும் அரசை நம்பத்தான் வேண்டும். ஆனால் மறுநாள் ஊரில் கேட்ட பேச்சு, "அப்படியானால் இன்னும் எத்தனை இருக்கும்?" என்பதே. இதற்கு மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் நாளிலேயே "இது இன்றைக்குத் தெரிந்த கணக்கு, பிறகு திருத்தப்படும்" என்று சொல்லியிருந்தால், திருத்தம் வந்தபோது அது சொன்னபடி நடந்ததாக இருந்திருக்கும். சொல்லாததால் பிடிபட்டதாகத் தோன்றியது. 2021 ஜூனில் பீகார் அரசு ஒரே நாளில் ஏறத்தாழ நாலாயிரம் மரணங்களைச் சேர்த்தபோது நாடே திகைத்ததும் இதனாலேதான்.

இனி விதிகளுக்கு வருவோம். மாறிய விதிகள் எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவையல்ல. அறிவு வளர்ந்ததால் மாறியவை சில. வசதிக்காக மாற்றப்பட்டவை சில. முகக்கவசத்தை எடுத்துக்கொள்வோம். நோயில்லாதவர் அணியவேண்டியதில்லை என்றே உலக சுகாதார நிறுவனம் முதலில் சொல்லி வந்தது. 2020 ஜூன் 5 அன்று, நோய் பரவும் இடங்களில் பொதுமக்களும் துணிக்கவசம் அணிவது நன்று என்று மாற்றிக்கொண்டது. நோய்க்குறி தோன்றாதவரிடமிருந்தும் நோய் பரவும் என்பது தெளிவானதே இதற்குக் காரணம். இது வெட்கப்படவேண்டிய மாற்றமன்று. விஞ்ஞானம் நடக்கும் நடையே இதுதான். ஆனால் ஊரில் நமக்குக் கிடைத்தது காரணமன்று. முகக்கவசம் இல்லையேல் 200 ரூபாய் அபராதம் என்னும் அறிவிப்பு. பின்னர் அது 500 ஆயிற்று. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் கட்டுப்பாடுகள் விலக்கப்பட்டன. அம்மாதமே சென்னை ஐ.ஐ.டி.யில் நோய் தலைகாட்டியதும் மீண்டும் 500. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், "நோய்க்குப் பயந்து போடவில்லை தம்பி, ரசீதுக்குப் பயந்து போட்டேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

மற்றோர் இனத்துக்கு வருவோம். 2020 மே 7 அன்று டாஸ்மாக் கடைகள் திறக்கப்பட்டன. கோயில் மூடிக் கிடந்தது, பள்ளி மூடிக் கிடந்தது, புதன்சந்தையில் மாட்டுச் சந்தை கூடவில்லை. சாராயக் கடை மட்டும் திறந்தது! மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 15-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மே 16-இல் மீண்டும் திறந்தன. பத்து நாளில் மூன்று நிலை. எந்த விஞ்ஞானம் வளர்ந்ததால் இந்த மாற்றம்? வருவாய் வேண்டுமென்று நேரே சொல்லியிருந்தால்கூட மக்கள் பொறுத்திருப்பார்கள். இதைக் கண்ட கண்ணோடுதான் அவர்கள் முகக்கவச விதியையும் கண்டார்கள். ஒன்று பொய்க் காரணமென்று தோன்றியபின் மற்றது மெய்க் காரணமென்று எப்படித் தோன்றும்?

இவ்விடத்தில் மாணவ நண்பர்கள் என்மேல் சினம் கொள்ளலாகாது. விதி மாறியதற்கெல்லாம் முணுமுணுத்த நாம், நமக்குச் சாதகமாக மாறிய விதிக்கு முணுமுணுத்தோமா? 2020 ஆகஸ்ட் 26 அன்று, கட்டணம் செலுத்திய அரியர் மாணவர்கள் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தபோது முதலமைச்சரை அரசராகப் போற்றிப் பதாகை வைத்த அண்ணன்மார்களை நாடு அறியும். தேர்வே எழுதாமல் தேர்ச்சி என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை என்பது பிற்பாடு. என் கதையும் அதுவே. 2021 பிப்ரவரி 25 அன்று ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பு மாணவர் அனைவரும் தேர்ச்சி என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நான் அப்போது பத்தாம் வகுப்பு. கணக்குப் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனேன். ஏன், எதற்கு, எந்தப் புள்ளிவிவரத்தின்படி என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மதிப்பெண்ணே இல்லாத சான்றிதழ் வந்தது. அதைக் காட்டி ஓர் இடத்தில் வேலை கேட்கப் போனபோது, அங்கிருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொரோனா பாஸா?" என்று சிரித்தார். அன்றுதான் எனக்குக் கேள்வி வந்தது.

கூட்டம் கூடியதைப் பற்றியும் ஒரு சொல். 2020 ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரை, சேலம், திருப்பூர் மாநகரங்களில் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். முந்திய நாள் கடைகளில் மக்கள் முண்டியடித்தார்கள். "பொறுப்பற்ற மக்கள்" என்று ஏசினோம். பதின்மூன்று மாதம் கழித்து, ஆட்சியும் மாறியபின், 2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்று அறிவித்து, 22, 23 தேதிகளில் கடைகளைத் திறந்துவிட்டார்கள், பேருந்துகளும் ஓடின. மீண்டும் முண்டியடித்தார்கள்; மீண்டும் ஏசினோம். அதற்கு முந்திய நாள்தான் தமிழகத்தின் உச்சம்: ஒரே நாளில் 36,184 பேருக்கு நோய். நாளையிலிருந்து அரிசி கிடைக்காது என்றால் இன்று அரிசி வாங்கப் போகிறவனுக்குப் பொறுப்பில்லை என்று எப்படிச் சொல்வது? வாரக்கூலி வாங்குபவன் வீட்டில் மாத மளிகை இராது. இந்த எளிய செய்தி ஆணையிடும் அறைக்கு இரண்டு முறையும் எட்டவில்லை.

அந்த ஜூன் மாதத்தில் நோய் மிகுந்த பதினொரு மாவட்டங்கள் தனியே பிரிக்கப்பட்டன. நாமக்கல் அவற்றில் ஒன்று. மற்ற மாவட்டங்களில் தேநீர்க் கடை திறந்தது, நமக்கு இல்லை. தொட்டியத்தில் டீ உண்டு, நாமக்கல்லில் இல்லை. "கிருமிக்கு மாவட்ட எல்லை தெரியுமா?" என்பது அந்நாளைய பெரிய நகைச்சுவை. மேற்கு மாவட்டங்களிலும் காவிரிப் படுகையிலும் நோய் தணியவில்லை என்னும் காரணம் நியாயமானதே, அது அறிவிக்கவும்பட்டது. காரணம் சொல்லப்பட்ட விதியையும் நாம் கேலி செய்தோம் என்பதை நேர்மை கருதி இங்கே எழுதுகிறேன். ஆனால், பல மாதம் காரணம் கேட்டுக் கிடைக்காத காது, கிடைத்த அன்று கேட்கும் பழக்கத்தையே இழந்துவிடும்.

தடுப்பூசிக் காலத்தில் நடந்தது இதைவிடச் சுவையானது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், மக்களுக்கு எடுத்துக்காட்டாகத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பால் மறைந்தார். தமிழகமே அழுதது; அதோடு அஞ்சியது. அவர் மறைவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தேசிய அளவிலான ஆய்வுக்குழுவின் முடிவு வெளிவந்தது அக்டோபரில்! இடைப்பட்ட ஆறு மாதம் எத்தனை வீடுகளில் முதியோர் ஊசிக்குப் போகாமல் இருந்திருப்பார்கள்?

எங்கள் அம்மாயி போனார். ஏப்ரல் முதல் வாரம் முதல் ஊசி. இரண்டாவதுக்கு மே மாதக் கடைசியில் வரச்சொல்லிச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் மே 13 அன்று கோவிஷீல்டு ஊசியின் இடைவெளி 12 முதல் 16 வாரம் என்று மாறிவிட்டது. முதலில் 4 முதல் 6 வாரம். மார்ச்சில் 6 முதல் 8. இப்போது 12 முதல் 16. வெயிலில் நடந்து போனவரைத் திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அவர் சொன்னது: "ஊசி தீர்ந்துபோச்சு, அதைச் சொல்ல வெட்கப்பட்டு நாளைத் தள்ளிட்டாங்க." ஊசித் தட்டுப்பாடு அப்போது மெய்யாகவே இருந்தது. இடைவெளி கூடினால் பாதுகாப்புக் கூடும் என்பதற்கு இங்கிலாந்திலிருந்து சான்று இருந்ததும் மெய். இரண்டும் ஒருசேர மெய்யாக இருக்கலாம் என்று எந்த அறிவிப்பும் சொல்லவில்லை.

சொன்னவர் ஒருவர் உண்டு. எங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியர், ஊரார் வாயில் நர்சம்மா. மறுவாரம் வீட்டுக்கு வந்து திண்ணையில் அமர்ந்தார். "பாட்டி, முதல்ல இவ்வளவு நாள்னுதான் எங்களுக்கும் சொன்னாங்க. அப்புறம் பார்த்தா, தள்ளிப் போட்டா நல்லாப் பிடிக்குதுன்னு தெரியுது. நாத்து வேர்பிடிக்கிறதுக்குள்ள உரம் போட்டா என்ன ஆகும்? அது மாதிரிதான். ஊசியும் இப்ப குறைவாத்தான் வருது, அதையும் மறைக்கலை" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நாள் வந்ததும் அம்மாயி போய்ப் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டாரையும் அழைத்துப் போனார். தெரியாததைத் தெரியாதென்றும், குறைவை குறைவென்றும் ஒருவர் சொன்னதும் அந்த மூதாட்டிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நம் ஜனங்களுக்குப் புரியாது என்று பேசியவர்கள் அந்தத் திண்ணையை வந்து பார்த்திருக்க வேண்டும்.

இந்த மௌனம் இன்று பிறந்ததன்று. 2020-இல் பயன்படுத்தப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம் 1897-இல் வெள்ளையர் இயற்றியது. பம்பாயில் பிளேக் பரவியபோது பிறந்த மிகச் சிறிய சட்டம் அது. அரசு எதையும் ஆணையிடலாம், மீறினால் தண்டனை என்று அதில் உண்டு. காரணத்தை மக்களுக்குக் கூறவேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. புனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனையிட்ட கொடுமையால் மக்கள் கொதித்தெழுந்தனர். பிளேக் அதிகாரி ராண்ட், அவ்வாண்டு ஜூனில் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். நம் சென்னை மாகாணத்தில் பிளேக் பாஸ்போர்ட் என்று ஒன்று இருந்தது. நோயுள்ள ஊரிலிருந்து வருபவர் அதை வைத்துக்கொண்டு நாள்தோறும் அதிகாரி முன் நிற்கவேண்டும். இ-பாஸ் அதன் கொள்ளுப்பேரன். 2020 ஆகஸ்ட் 17 முதல் கேட்டவர்க்கெல்லாம் இ-பாஸ் என்றாகி, செப்டம்பரில் அதுவும் எடுக்கப்பட்டது. கேட்டவர்க்கெல்லாம் கிடைக்குமென்றால் அது எதற்கு என்று அந்த இரு வாரமும் மக்கள் கேட்டதில் வியப்பில்லை.

கடைசியாக ஒரு செய்தி. இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் தயங்கினேன்.

என் அத்தை மலைமேல் ஒரு சிற்றூரில் வாழ்கிறார். மாமா மிளகும் மரவள்ளியும் பயிர் செய்தவர். 2021 மே மாதம் அவருக்குக் காய்ச்சல், மூச்சுத் திணறல், கீழே கொண்டுவந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். சளிப் பரிசோதனையில் நோயில்லை என்று வந்தது. மார்பு ஸ்கேனில் கொரோனா என்றார்கள். ஆறாம் நாள் இறந்தார். இறப்புக்குக் காரணம் நுரையீரல் அழற்சி என்று எழுதிக் கொடுத்தார்கள். உடலைத் தொட விடவில்லை. மலைக்குக் கொண்டுபோகவும் விடவில்லை. புதைக்கும்போது கொரோனா, எழுதும்போது அழற்சி.

அந்த ஆண்டு அக்டோபர் 4 அன்று, கொரோனாவால் இறந்தோர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் வழங்குவதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சான்றிதழில் வேறு காரணம் எழுதியிருப்பதாலேயே மறுக்கக் கூடாது, குறையிருந்தால் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம் என்றும் சொன்னது. மருத்துவர் சோதனைகளால் கொரோனா என முடிவு செய்த நோயாளியும் அக்கணக்கில் சேர்வார் என்று விதியும் வந்தது. பின்னர் 2022 மார்ச்சில், அதுவரை நேர்ந்த மரணங்களுக்கு அறுபது நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்று காலவரை விதித்தார்கள். இவை அனைத்தும் அத்தைக்குச் சாதகமாக வந்த மாற்றங்கள். ஒன்றுகூட மலை ஏறவில்லை. முகக்கவச அபராதத்தைச் சொல்ல ஒலிபெருக்கி கட்டிய வண்டி எழுபது வளைவும் ஏறி வந்தது. இதைச் சொல்ல எந்த வண்டியும் வரவில்லை. நான் செய்தித்தாளில் படித்து ஓடிப்போய்க் கேட்டபோது நாள் கடந்துவிட்டது என்றார்கள். மிகுந்த இடர்ப்பாடு உள்ளவர் காலம் கடந்தும் குறைதீர்க் குழுவை அணுகலாம் என்று அதே உத்தரவில் இருந்ததை இக்கட்டுரைக்காகப் படிக்கும்போதுதான் அறிந்தேன்.

குஜராத்தில் அரசு சொன்ன மரணம் பத்தாயிரம். உதவி கேட்டு வந்த விண்ணப்பம் எண்பதாயிரத்துக்கும் மேல் என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் வெளிவந்தது. தமிழகத்தின் கணக்கு ஏறத்தாழ 38,000. அந்த மே மாதத்து அறிக்கைகளை இணையத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து, நாமக்கல் மாவட்டத்து வரிகளை ஓரிரவு முழுவதும் தேடினேன். 52 வயது ஆண், காய்ச்சல், மூச்சுத் திணறல், நாமக்கல் என்று ஒரு வரி கிடைக்காதா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு மலைக்குப் போனபோது அத்தை கேட்டார்: "நீ காலேசு படிக்கிறவன் சாமி. உங்க மாமா அந்தக் கணக்குல இருக்காரா, இல்லையா?" தகரப் பெட்டியிலிருந்து அந்தச் சான்றிதழையும் ஸ்கேன் தாளையும் எடுத்துக் கொடுத்தார். இரண்டும் இப்போது என்னிடம் விடுதியில் இருக்கின்றன. குறைதீர்க் குழுவுக்கு மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன்.